ஸ்காண்டிநேவியக் கற்காலக் குடியிருப்பின் வயதைக் கணிப்பது எப்படி?

நார்வே அல்லது சுவீடன் கரையோரக் கற்கால இடமொன்றை ஆராயப் புகுபவர், கிடைத்த கருவியின் வடிவத்தில் மனத்தைச் செலுத்தும் முன், அந்த இடம் இன்றைய கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பனியூழியில் கிலோமீட்டர் கணக்கில் தடித்திருந்த பனிப்பாளத்தின் பாரத்தால் அமிழ்ந்த நிலம், பனி உருகத் தொடங்கியது முதல் இன்றுவரை மேலெழுந்துகொண்டிருக்கிறது. சுவீடனின் ஹோகா குஸ்தென் பகுதியில் பழைய கடற்கரையின் தடம் இப்போது 286 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நிலம் இன்னமும் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயர்கிறது. வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள் நீரோரத்தில் தங்கினார்கள் என்று கொண்டால், மேட்டிலுள்ள இடம் பழையது, தாழ்விலுள்ளது பிந்தையது.

அளந்த உயரத்தை, அந்தந்த வட்டாரத்துக்கென வரையப்பட்ட கடல்மட்ட வரைகோட்டோடு (எந்தக் காலத்தில் கடல் எந்த உயரத்தில் இருந்தது என்று காட்டும் கோடு) ஒப்பிட வேண்டும். வேறு வட்டாரத்தின் கோட்டை எடுத்துப் பொருத்தினால் கணக்கு ஆயிரமாண்டுக் கணக்கில் தவறும். இப்படிக் கிடைக்கும் ஆண்டு, மனிதர் அங்கு வந்திருக்கக்கூடிய மிக முந்தைய காலம் மட்டுமே. தென்மேற்கு நார்வேயின் சில பகுதிகளில் கடல் திரும்ப ஏறி முந்தைய குடியிருப்புகளை மூடியிருக்கிறது. தெற்கு டென்மார்க்கிலோ, நிலம் மேலெழும் பகுதிகளுக்கு நேர்மாறான நிலை: அலங்கரித்த துடுப்புகள் கிடைத்த தைபிரிண்ட் விக் குடியிருப்பு இன்று கடலுக்கடியில்தான் இருக்கிறது.

அடுத்தது மூலப்பொருள். சிக்கிமுக்கிக்கல் டென்மார்க்கிலும் சுவீடனின் தென்கோடியான ஸ்கோனேவிலும் தாராளம்; நார்வேயின் பாறைகளில் அது கிடையாது, மிதந்து வந்த பனிக்கட்டிகள் கரையில் போட்டுச் சென்ற கட்டிகளையே அங்குள்ளவர்கள் பொறுக்கினார்கள். மேற்கு நார்வேயில் போம்லோவுக்கு அருகேயுள்ள ஹெஸ்ப்ரிஹோல்மென் தீவில் வெட்டியெடுத்த பச்சைப் பாறையால் கோடரிகள் செய்தார்கள். நடுச் சுவீடனின் கிழக்கில் பெரும்பாலும் வெண்படிகக்கல்லே (குவார்ட்ஸ்) கிடைக்கும். புதியவர்கள் ஏமாறுவதும் இதில்தான். மனிதர் தட்டி உடைத்த சிக்கிமுக்கிச் சில்லில் அடிபட்ட முனைக்குக் கீழே சிறு புடைப்பும், அதிலிருந்து பரவும் அலைவரிகளும் விரலுக்கே தட்டுப்படும். வெண்படிகமோ உள்ளேயிருக்கும் விரிசல்களின் வழியே உடைவதால் புடைப்பு அரிதாகவே தெரியும். ஆகவே தனிச் சில்லைப் பார்த்து முடிவுகட்டாமல், நுண்சல்லடையில் தங்கிய துணுக்குகள் அனைத்தையும் சேர்த்து, அவை ஓரிடத்தில் குவிந்துள்ளனவா என்று பார்ப்பதே நல்லது.

வயதை அறியும் கார்பன் சோதனைக்கு அடுப்புக் கரியைவிடக் கருகிய ஹேசல் கொட்டையின் ஓடே சிறந்தது; மரக்கரி எரிக்கப்படும்போதே பல நூற்றாண்டு வயதுடையதாக இருந்திருக்கலாம், கொட்டையோ ஒரே பருவத்தில் விளைந்தது. உயரம் சொல்லும் காலத்தை விட ஓட்டின் காலம் பிந்தையதாக வந்தால், கடல் விலகிய பிறகும் மக்கள் அங்கு வந்து தங்கினார்கள் என்று கொள்ளலாம். முந்தையதாக வந்தால் வரைகோட்டையும் மாதிரி எடுத்த மண்ணடுக்கையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

வேளாண்மை வந்தபின் மக்கள் உள்நாட்டிலும் குடியேறியதால் இந்த முறைக்கு வலு குறைந்துவிடுகிறது. உழவில் தனியே மேலெழும் மெருகேற்றிய, மெல்லிய அடிப்பகுதி கொண்ட சிக்கிமுக்கிக் கோடரிக்கு உயரம் ஒன்றும் சொல்லாது. வடிவம்தான் அதைக் கி.மு. 4-ஆம் ஆயிரமாண்டில் நிறுத்தும். நார்வேயில் 1537-க்கு முற்பட்ட இத்தகைய பொருள்கள் அரசுடைமை என்பதால், கிடைத்த இடத்தைத் துல்லியமாகப் பதிந்து உரிய அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.