கூலிக்கப்பலில் போன முன்னோரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் ஒரு தமிழ் வம்சாவளிக் குடும்பம் தன் பூர்வீக ஊரைத் தேடத் தொடங்கினால் முதலில் பிடித்துக்கொள்வது குடும்பப் பெயரைத்தான். நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலியார், படையாட்சி என்று ஏதோ ஒன்று மூன்று நான்கு தலைமுறையாக வீட்டில் இருக்கும். அதை வைத்தே கப்பல் பட்டியலைப் புரட்டுவார்கள். ஆனால் கப்பல் ஏறிய நாளில் அந்த மனிதருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. முனியன் மகன் சின்னசாமி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலோ திருமணப் பதிவிலோ கடைசிப் பெயரைக் கேட்டபோது ஒரு பிள்ளை அப்பா பெயரைச் சொன்னான், இன்னொருவன் சாதிப் பட்டத்தைச் சொன்னான், மூன்றாமவன் தாத்தா பெயரைச் சொன்னான். உடன்பிறந்த மூவருக்கு மூன்று குடும்பப் பெயர் அமைந்தது இப்படித்தான். ஒரே பெயர் இருப்பதால் இரண்டு குடும்பங்கள் சொந்தம் என்று முடிவு கட்டுவதும், பெயர் வேறாக இருப்பதால் சொந்தமில்லை என்று ஒதுக்குவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். பட்டத்தை வைத்துச் சாதியை ஊகிப்பதும் அப்படியே. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பட்டம் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு, விட்டுவிட்டவர்களும் உண்டு.

பிடிக்க வேண்டியது எண்ணை. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் அமைந்த நேட்டாலுக்கு, குறிப்பிட்ட வருடங்கள் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டுப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் காலனி எண் ஒன்று கொடுக்கப்பட்டது. திருமணம், குழந்தை பிறப்பு, இறப்பு, முதலாளி மீதான புகார் என்று எந்தத் தாள் எழுதப்பட்டாலும் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். பெயர் எழுதுகிறவரின் காதுக்குத் தக்கபடி மாறும், எண் மாறாது. அதனால் தேடலைக் கப்பலில் தொடங்காதீர்கள். உங்கள் தலைமுறையில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். உங்கள் பிறப்புச் சான்று, பெற்றோர் திருமணப் பதிவு, தாத்தாவின் பிறப்புப் பதிவு என்று ஒவ்வொரு படியாக இறங்கினால் ஏதாவது ஒரு தாளில் அப்பா அம்மாவின் எண்கள் கிடைக்கும். அந்த எண்ணைத்தான் கப்பல் பட்டியலில் தேட வேண்டும். பட்டியல்களின் படிகளை க்வாஸூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் வைத்திருக்கிறது.

எண் கிடைத்ததும் அந்த ஒரு வரியை மட்டும் படியெடுத்துக்கொண்டு எழுந்துவிடுவது அடுத்த தவறு. குடும்பமாகப் பதிந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் விழுந்தன. கணவருக்கு அடுத்த எண் மனைவிக்கு, அதற்கடுத்தவை பிள்ளைகளுக்கு. ஒரே ஊரிலிருந்து கூட்டாகப் போனவர்களும் அருகருகே இருப்பார்கள். எனவே முன்னால் இருபது எண், பின்னால் இருபது எண் சேர்த்துப் படியெடுங்கள். உங்கள் ஆளின் ஊர்ப்பெயர் கிறுக்கலாக இருந்து, நான்கு வரி தள்ளி அதே ஊர் தெளிவாக எழுதப்பட்டிருக்கலாம். பின்னால் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் பல ஒரே கப்பலில் போனவை என்பதும் இப்படிப் பார்த்தால்தான் தெரியும்.

மாதிரிக்கு ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெயர் முனியம்மா. பிறகு தகப்பன் பெயர், வயது 22, பாலினம், சாதி, ஜில்லா வடஆற்காடு, தாணா (போலீஸ் நிலைய எல்லை) குடியாத்தம், அப்புறம் ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம். இதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பகத்தன்மை வேறு. வயது என்பது, கப்பலேற்றும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் ஆளைப் பார்த்துப் போட்ட மதிப்பு. பிறந்த வருடத்தை அதிலிருந்து கழித்து எழுதினால் இரு பக்கமும் ஐந்து வருடமாவது இடம் விடுங்கள். இறப்புச் சான்றில் உள்ள வயது இன்னும் மோசம், முதுமையைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள். சாதிக் கட்டத்தில் மலபார் என்று இருந்தால் கேரளத்துக்கு ஓட வேண்டாம். அக்கால ஆங்கில எழுத்தர்களும் பிரெஞ்சு எழுத்தர்களும் தமிழரை அப்படித்தான் எழுதினார்கள். ஜெண்டூ என்று இருந்தால் தெலுங்கர். தனியாகப் பதிந்திருக்கிற பெண்ணைத் திருமணமாகாதவர் என்றோ கணவரை விட்டு ஓடிவந்தவர் என்றோ எழுதிவிடாதீர்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதம் கப்பலுக்குக் கட்டாயமாக இருந்தது. அந்தக் கணக்கை நிரப்ப ஆள்பிடிப்பவர்கள் செய்த வேலைகள் பதிவேட்டில் ஏறாது. கோயிலில் தாலி கட்டிய திருமணம் அலுவலகத்தில் பதியப்படாமல் போனால் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் என்று எழுதப்பட்டார்கள். அது சட்டத்தின் மொழி. குடும்ப மரத்தில் அதை அப்படியே ஏற்றுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

எழுத்துக்கூட்டல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தேடிக் கிடைக்காமல் கைவிடுவது இங்கேதான். எழுத்தர் கேட்டது பேச்சுத்தமிழ். எல்லம்மாவை நாம் யெல்லம்மா என்றுதான் சொல்கிறோம், ஏழுமலை யேழுமலை ஆகிறார். இவர்களை ஆங்கில 'ஈ' வரிசையில் தேடினால் கிடைக்க மாட்டார்கள், 'ஒய்' வரிசையில் இருப்பார்கள். குப்பம்மா 'கே'யிலும் இருக்கலாம், 'சி'யிலும் இருக்கலாம், 'ஜி'யிலும் இருக்கலாம். பழனி, பெருமாள் எல்லாம் 'பி' என்ற இரண்டு எழுத்துகளிலும் (P, B) பார்க்க வேண்டியவை, ஒலிப்பில்லாதது ஒன்று, ஒலிப்புள்ளது ஒன்று. மொரிஷியஸில் ஆறுமுகம் ஆர்முகம் ஆனார், வேலாயுதன் வலைடோன் ஆனார். ரியூனியனில் வீரப்பன் விராப்பின் ஆகி நிற்கிறார். பிரெஞ்சுக்காரர் உகரத்தை 'ஓ', 'யூ' இரண்டும் சேர்த்து எழுதுவார்கள், ஆங்கிலேயர் 'ஓ'வை இரட்டித்து எழுதுவார்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கையெழுத்தில் 'யூ'வும் 'என்'னும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் கணினியில் ஏற்றியவர்கள் தவறாகப் படித்த பெயர்களும் உண்டு. தட்டச்சுப் பட்டியலை நம்பி நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள்.

கப்பல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. உம்லாசி, உம்சிண்டோ, உம்வோட்டி போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்பப் போய்வந்தவை, ஒவ்வொரு பயணத்துக்கும் ரோமன் எண் சேர்த்தே பட்டியலிட்டிருக்கிறார்கள். உம்லாசியில் வந்தார் என்று பாட்டி சொன்னது உண்மையாகவே இருக்கலாம். எந்த உம்லாசி என்பதற்கு வந்து சேர்ந்த தேதி வேண்டும்.

வீட்டில் வழங்கும் வருடத்தைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நேட்டாலுக்கு 1866க்கும் 1874க்கும் இடையில் ஒப்பந்தக் கப்பலே வரவில்லை. 1870இல் வந்தார் என்று குடும்பத்தில் சொன்னால் அவர் அதற்கு முன்னாலோ பின்னாலோ வந்திருக்க வேண்டும், அல்லது சொந்தச் செலவில் வந்த பயணியாக இருக்க வேண்டும். பயணிகள் இந்தப் பட்டியல்களில் இருக்க மாட்டார்கள். ஃபிஜிக்கு முதல் கப்பல் லியோனிடாஸ் 1879இல் கல்கத்தாவிலிருந்து போனது. சென்னையிலிருந்து 1903இல்தான் கப்பல் விடத் தொடங்கினார்கள், 1916இல் எல்லாம் நின்றுவிட்டது. ஃபிஜித் தமிழ்க் குடும்பம் 1885 என்று சொன்னால் அந்த வருடத்தைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, மறுபடியும் ஒப்பந்தம் போட்டு வந்தவர்களுக்கு இரண்டாவது எண் கிடைத்தது. ஒரே ஆளை இரண்டு ஆளாக்கிவிடாதீர்கள்.

இலங்கை மலையகக் குடும்பங்கள் நேட்டால் முறையை அப்படியே பின்பற்றி நேரத்தை வீணடிப்பதைப் பார்க்க முடிகிறது. அங்கே ஆளுக்கு ஓர் எண், ஊர்ப்பெயரோடு ஒரு வரி என்ற ஏற்பாடே கிடையாது. ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி கூட்டிக்கொண்டு போனார். கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு தோட்டத்தைக் காட்டியது, ஆளைக் காட்டவில்லை. அவர்கள் தேட வேண்டியவை தோட்டத்துச் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பக் கோப்பு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய உறவினரின் குடும்ப அட்டை ஆகியவை.

சரி, ஜில்லாவும் ஊரும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய வரைபடத்தில் நேராக அதைத் தேடுவது பெரிய தவறு. திருத்தணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 வரை வடஆற்காடு, அந்த ஆண்டு சித்தூர் ஜில்லா பிரிந்ததும் சித்தூர், 1960இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் செங்கல்பட்டு, 1997இலிருந்து திருவள்ளூர். ஊர் நகரவே இல்லை, நான்கு மாவட்டம் மாறிவிட்டது. வடஆற்காடு என்ற சொல்லைப் பார்த்ததும் வேலூரையும் திருவண்ணாமலையையும் சுற்றுபவர்கள், பலமனேரும் புங்கனூரும் அன்று அதே ஜில்லாவில் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். 1910க்கு முன் ராமநாதபுரம் என்ற ஜில்லாவே இல்லை, அந்தப் பகுதி மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருந்தது. சேலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் பார்க்க வேண்டும். மெட்ராஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மெட்ராஸ் ராஜதானி என்ற பழைய மாகாணத்தையோ கப்பல் ஏறிய துறைமுகத்தையோ குறிக்கும், பிறந்த ஊரை அல்ல.

ஊரைக் கண்டுபிடிக்கத் தாணாவை முதலில் உறுதி செய்யுங்கள், அதுதான் தேடும் பரப்பைச் சுருக்கும். பிறகு அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்து, எழுத்தர் எழுதியதை வாய்விட்டுப் படித்துப் படித்து ஒப்பிடுங்கள். கண்ணால் ஒப்பிட்டால் தவறும், காதால் ஒப்பிட்டால் பிடிபடும். பட்டி, பாளையம், பாக்கம், குப்பம் என்ற கடைசிப் பகுதி நன்றாகக் கேட்டிருந்தாலும் முன்பகுதி சிதைந்திருக்கும். பட்டியலில் இல்லையென்றால் அது வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கிய குக்கிராமமாகவோ சேரியாகவோ காலனியாகவோ இருக்கக்கூடும். கப்பலேறியவர்களில் பலர் அங்கிருந்துதான் போனார்கள்.

பிரிட்டனில் செய்வதுபோல மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவத்தைத் தேடாதீர்கள். இந்தியாவில் தனியாள் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை, தொகுத்த எண்ணிக்கைகள் மட்டுமே உண்டு.

குலதெய்வத்தின் பெயர் உதவும், ஆனால் மாரியம்மன், முனீஸ்வரன், மதுரைவீரன் என்று வெறும் பெயராக இருந்தால் எல்லா ஊரிலும் உண்டு. பெயரோடு ஊரோ, ஏரியோ, மலையோ ஒட்டியிருந்தால் அதுதான் துப்பு. வீட்டில் படையல் போடும்போது சொல்லும் வார்த்தைகளைப் பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். அர்த்தம் புரியாமல் சொல்லிவரும் சொல்லில் ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கலாம்.

குடும்ப மரத்தை வரையும்போது நம் வழக்கங்கள் மென்பொருளைக் குழப்பும். தாத்தா பெயர் பேரனுக்கு வரும், அதனால் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர். எண்ணைச் சேர்க்காமல் எழுதினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். அத்தை மகளையும் அக்கா மகளையும் கட்டுவதால் ஒரே ஆள் மரத்தில் இரண்டு கிளையில் வருவார், அதைப் பிழை என்று அழிக்காதீர்கள். சித்தப்பாவை அப்பா என்றே அழைத்த வீடுகளில், பாட்டி சொன்ன அப்பா யார் என்று இரண்டு தடவை கேளுங்கள். மரபணுச் சோதனை முடிவுக்கும் இது பொருந்தும். சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை மணம் முடித்தவர்களிடம் பொதுவான பகுதி அதிகமாகத் தெரியும், மூன்றாம் தலைமுறை உறவு என்று காட்டியவர் உண்மையில் ஆறாம் தலைமுறையாக இருக்கலாம்.

கடைசியில் ஊருக்கே போகிறீர்கள் என்றால் பட்டியல் வரியின் நகலோடு போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்ற பழைய நிலப் பதிவேட்டைப் பற்றி விசாரிக்கும்போது, 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் எழுதியதோடு நிற்காமல் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேளுங்கள். ஜமீன் கிராமமாக இருந்தால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு அளந்து எழுதியிருக்கும், அதற்கு முன்னால் தேடிப் பயனில்லை. உங்கள் முன்னோர் நிலமில்லாதவராக இருந்தால் எந்தப் பதிவேட்டிலும் பெயர் வராது. அப்போது அந்தத் தெருவின் மூத்தவர்களிடம் உட்கார்ந்து, கப்பலேறிப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா என்று கேளுங்கள். பெயரை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.