சாயத்தைக் குறை, ஒளியை அதைவிடக் குறை: உயிருள்ள செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைப் படமெடுக்கும் முறை

முந்தைய நாள் மாலையே ஹீலா செல்களை (ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய் செல்கள்) 35 மி.மீ. கண்ணாடி அடித்தட்டு டிஷ்ஷில் போட்டுவிடுங்கள், 2 மி.லி. மீடியத்துக்கு, அதாவது வளர்ப்புத் திரவத்துக்கு, 2 முதல் 3 லட்சம் செல்கள். கண்ணாடி 0.17 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும், அதாவது 1.5 எண் கவர்சிலிப். நுண்ணோக்கியின் 60எக்ஸ் எண்ணெய் ஆப்ஜெக்டிவ் லென்ஸ் அந்தத் தடிமனுக்கென்றே செய்யப்பட்டது. சாதாரண பிளாஸ்டிக் டிஷ்ஷின் அடி ஏறக்குறைய 1 மி.மீ.; ஃபோகஸே எட்டாது.

ஸ்டேஜையும் (டிஷ்ஷை வைக்கும் மேடை) ஆப்ஜெக்டிவ் ஹீட்டரையும் ஒரு மணி நேரம் முன்பே 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஆப்ஜெக்டிவ் குளிர்ந்திருந்தால், எண்ணெய் வழியாக நீங்கள் பார்க்கும் இடத்தின் சூட்டையே இழுத்துவிடும். உலோகம் விரிந்து முடியும்வரை ஃபோகஸும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் என்ற நிறமி பின்னணியில் ஒளிர்வதால் அது இல்லாத மீடியத்துக்கு மாற்றுங்கள். 5% கார்பன் டைஆக்சைடு தர வசதியில்லையா? மீடியத்தின் அமிலநிலை மாறாமல் காக்க 25 மில்லிமோலார் ஹெப்பிஸ் சேருங்கள்.

சாயம் டிஎம்ஆர்எம்; மைட்டோகாண்ட்ரியா சவ்வின் மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு உள்ளே சேர்ந்து ஒளிரும். 10 மைக்ரோமோலார் கரைசலில் 4 மைக்ரோலிட்டரை 2 மி.லி. மீடியத்தில் கலந்தால் 20 நானோமோலார். 30 நிமிடம் இருட்டில் வையுங்கள். கழுவ வேண்டாம், கழுவினால் சாயம் வெளியே கசிந்துவிடும். வெளிச்சம் போதவில்லை என்று சாயத்தைக் கூட்டாதீர்கள். அளவு மிஞ்சினால் மூலக்கூறுகள் நெருங்கி ஒன்றின் ஒளிர்வை ஒன்று தணிக்கும். அப்போது மின்னழுத்தம் விழுந்தால் படம் மங்குவதற்குப் பதில் பிரகாசமாகும், முடிவு தலைகீழாகிவிடும்.

பெரும்பாலான பரிசோதனைகள் கெடுவது ஒளியால்தான். சாயத்தின் மேல் விழும் ஒளி செல்லுக்குள் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. முதல் படத்தில் நீண்ட நூல்களாகத் தெரிந்த மைட்டோகாண்ட்ரியா, சில நிமிடங்களில் அறுந்து மணிமணியாக உருண்டு நிற்கும். அதை உயிரியல் மாற்றம் என்று எழுதிவிடுவது எளிது, அதுதான் ஆபத்து. செல்லைத் தேடுவதும் ஃபோகஸ் செய்வதும் சாதாரண வெளிச்சத்தில் நடக்கட்டும். சாயத்தை ஒளிரவைக்கும் எல்இடியை 2 முதல் 5 சதவீதத்தில் தொடங்குங்கள். எக்ஸ்போஷர் 200 மில்லிசெகண்ட், கேமராவில் 2×2 பின்னிங் (நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது), 30 விநாடிக்கு ஒரு படம், இடையில் ஷட்டர் மூடியிருக்க வேண்டும். படம் சற்றுப் புள்ளிபுள்ளியாக வந்தாலும் பரவாயில்லை.

முடிந்ததும் அதே டிஷ்ஷில் ஒளி படாத மூலைக்குப் போய் ஒரே ஒரு படம் எடுங்கள். அங்கே நூல்கள் முழுசாக இருந்து, இங்கே மட்டும் மணிகளாகியிருந்தால் குற்றவாளி உங்கள் விளக்கு. கடைசியாக, சவ்வின் மின்னழுத்தத்தைக் கலைக்கும் எஃப்சிசிபியை 2 மைக்ரோமோலார் சேருங்கள்: சில நிமிடங்களில் மைட்டோகாண்ட்ரியாவின் ஒளிர்வு வடிய வேண்டும். வடியவில்லையென்றால் நீங்கள் அளந்தது மின்னழுத்தத்தை அல்ல.