ஜெர்மனியில் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள்

ஆங்கிலத்தில் பரிசு, ஆனால் ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம், அதனால் அங்கே ஒரு டப்பாவில் அந்தச் சொல்லைப் பார்த்தால் ஆசையாகத் திறக்காமல் தள்ளி வையுங்கள். பரிசுக்கு அவர்கள் சொல்வது கெஷெங்க். ஸ்வீடிஷ், நார்வேஜியன் இரண்டிலும் எழுத்து அதேதான், உச்சரிப்பு மட்டும் யிஃப்ட், விஷம் என்றும் பொருள், கல்யாணமானவர் என்றும் பொருள் (சிரிக்காதீர்கள்!). டச்சுக்காரருக்கு கிஃப்ட் நன்கொடை, கடைசி எழுத்து போனால் விஷம்.

எல்லாம் 'கொடு' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவைதான். மருந்தின் அளவைக் குறித்த 'டோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் கொடுப்பது என்றே அர்த்தம், அதைப் பார்த்துத்தான் ஜெர்மன் சொல் விஷத்தின் பக்கம் நகர்ந்தது. பழைய பொருள் அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில், அதாவது வரதட்சணையில்.