முதல் மூன்று நாளில் குஞ்சின் குடலைக் கெடுக்கும் தவறுகள்

அடைக்கோழி 21 நாள் படுத்து, குஞ்சுகளோடு கூடையை விட்டு இறங்கும் அன்று சற்று நின்று கவனியுங்கள். தாய் குப்பையைக் கிளறும், கொக்கொக்கென்று கூப்பிடும். குஞ்சுகள் ஓடிவந்து அது காட்டிய குருணையைக் கொத்தும். போகிற போக்கில் அது போட்ட எச்சத்தையும் ஒரு கொத்துக் கொத்தும். நமக்கு அருவருப்பாக இருக்கும், "சூ" என்று விரட்டுவோம். தாயின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பிள்ளைக்குக் கைமாறுவது அந்தக் கொத்தில்தான்.

இன்குபேட்டரில் பொரிந்த குஞ்சுக்கு இந்தத் தாய்வழிச் சொத்து கிடையாது. ஓட்டை உடைத்து வரும்போது அதன் குடலில் பாக்டீரியா கிட்டத்தட்ட இல்லை. காலிப் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தக் கதைதான் அடுத்த சில மணி நேரத்தில் குடலுக்குள் நடக்கிறது. பெரும்பாலும் ஈ. கோலை வகையறாக்கள் முதலில் ஏறுகின்றன. பின்னாலேயே லாக்டோபேசிலஸ் வந்து தீனிப்பையிலும் சிறுகுடலிலும் உட்கார்ந்து, புளிப்பு அமிலம் சுரந்து மற்றவர்களை நெருக்குகிறது. காற்றே ஆகாத வகைகள், சிறுகுடல் முடியும் இடத்தில் பை போலக் கிளைக்கும் குருட்டுக்குடல்களை நிரப்ப இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அவை நார்ச்சத்தைப் புளிக்கவைத்துத் தரும் பியூட்ரிக் அமிலம் குடல் சுவரின் செல்களுக்கே உணவு. குடலின் நோய் எதிர்ப்புத் திசுக்கள் வளர்வதும் இந்தக் குடித்தனக்காரர்களோடு பழகித்தான். இருக்கைகள் காலியாகக் கிடக்கும் முதல் சில நாட்களில் மிகச் சில சால்மோனெல்லா கிருமிகள் போனாலே குஞ்சுக்குத் தொற்று வந்துவிடும். மாதக் கோழி அதே அளவைச் சட்டை செய்யாது.

இது தெரியாமல் நான் செய்த முதல் தவறு, எங்கள் பக்கத்தில் இன்றும் பலர் செய்வது. முதல்முறை 50 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கியபோது விற்றவர் பெட்டியோடு மஞ்சள் நிறப் பொடிப் பொட்டலம் ஒன்றையும் கொடுத்தார். "மூன்று நாள் தண்ணீரில் கலந்து விடுங்கள், ஒன்றும் வராது" என்றார். நோய் ஏதும் தெரியாத குஞ்சுகளுக்கு ஆன்டிபயாட்டிக். நானும் விசுவாசமாகக் கலந்தேன். மூன்று நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. மருந்து நின்ற பிறகு ஒவ்வொன்றாகப் பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக்கொண்டு, இறகைத் தொங்கவிட்டு விளக்கடியில் ஒதுங்கின. மருந்துதான் காரணம் என்று அந்த ஒரு அனுபவத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். குளிரும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பொடி செய்யும் வேலை இதுதான்: அப்போதுதான் இடம் பிடிக்கத் தொடங்கிய நல்ல கூட்டத்தையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. மருந்துக்கு மசியாத ஈ. கோலை மட்டும் காலி வண்டியில் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முற்றாக நிறுத்திவிட்டது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்னால் கொடுங்கள். பொட்டலம் இலவசமாக வந்தது என்பதற்காகக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் பெரிய கோழியின் எச்சத்தையே கரைத்துக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் தப்பில்லை, பின்லாந்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். 1971-இல் அந்த நாட்டுக் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா பெரிதாகப் பரவியது. எஸ்கோ நூர்மியும் ரன்டாலாவும் ஆரோக்கியமான வளர்ந்த கோழிகளின் குடலில் இருந்ததை எடுத்து, அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். அதன்பின் சால்மோனெல்லாவைக் கொடுத்தபோது பெரும்பாலான குஞ்சுகளில் அது ஒட்டவில்லை. 1973-இல் வெளியான இந்த ஆய்விலிருந்துதான் நல்லதை முந்த விட்டுக் கெட்டதைத் தடுக்கும் முறை கோழித் துறைக்கு வந்தது. செக் நாட்டு ஆய்வாளர்கள் பின்னாளில் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரே ஒரு நாள் பெரிய கோழியோடு விட்டாலே குஞ்சின் குருட்டுக்குடல் பாக்டீரியாக் கூட்டம் மாறிவிடுகிறது. விதை போன்ற உறை கட்டிக்கொள்ளும் வகைகள் தூசியிலும் கூளத்திலும் கிடந்து எப்படியும் வந்து சேரும். பாக்டீராய்டிஸ் போல உறை கட்டாதவை தாய் இருந்தால்தான் எளிதில் வரும்.

இதைப் படித்துவிட்டுப் பழைய கூளத்தை அள்ளிக் குஞ்சு அறையில் கொட்டுவது அடுத்த தவறு. ஆய்வகத்தில் கொடுத்தது நோய் இல்லை என்று தெரிந்த கோழியின் சரக்கு. நம் கொட்டகைக் கூளத்தில் நல்ல பாக்டீரியாவோடு ரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகளும், குடற்புழுவும், கோழியின் காலை முடக்கும் மேரெக்ஸ் நோய் வைரஸும் சேர்ந்தே இருக்கலாம். அடைக்கோழியிடம் குஞ்சை விட விரும்பினால் தடுப்பூசி போட்ட, புழு நீக்கம் செய்த, நோய்வாய்ப்படாத ஒரு கோழியாகப் பார்த்து விடுங்கள். அந்தக் கோழி குஞ்சுகளை ஏற்றுக்கொள்ளுமா என்பது தனிப் பஞ்சாயத்து. மற்றபடி புதுக் காய்ந்த உமி, இரண்டு அங்குலம் போதும்.

நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் பொடி வாங்குகிறவர்கள் காசைக் கரைக்கும் இடம் தண்ணீர். பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டித் தண்ணீரில் கலந்தால் கிருமியைக் கொல்ல வந்த குளோரின் நீங்கள் வாங்கிய பாக்டீரியாவையும் கொன்றுவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை எடுங்கள். குளிர் என்று சுடச்சுட ஊற்றினாலும் அதே கதிதான். ஆன்டிபயாட்டிக்கும் புரோபயாட்டிக்கும் ஒரே டப்பாவில் கலப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை. இன்னொரு விஷயம் நேரம். முதல் தண்ணீரிலேயே கொடுத்தால்தான் துண்டு போட இடம் இருக்கும். பத்தாம் நாள் கழிச்சல் கண்ட பிறகு கொடுப்பது, வண்டி நிரம்பிய பின் ஓடிவந்து படியில் தொங்குவது மாதிரி. வீட்டுத் தயிர் கொடுக்கலாமா என்றால், கொஞ்சம் மோராகத் தெளித்தால் பாதகமில்லை. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கோழிக்கு இல்லாததால் கிண்ணம் கிண்ணமாக வைத்தால் கழியும்.

பட்டினி போடுவதைத் தவறு என்றே பலர் நினைப்பதில்லை. மஞ்சள் கரு வயிற்றுக்குள் இருக்கிறது, மூன்று நாள் தாங்கும் என்பார்கள். உயிர் தாங்கும், குடல் தாங்காது. தீனி உள்ளே போனால்தான் குடல் அசைகிறது, மஞ்சள் கரு சீக்கிரம் கரைகிறது, சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் நீள்கின்றன. கரையாமல் தேங்கிய மஞ்சள் கரு பாக்டீரியாவுக்குப் பாயசம். நான்கு, ஐந்தாம் நாளில் வயிறு உப்பிச் சாகும் குஞ்சைத் திறந்து பார்த்தால், சுருங்கியிருக்க வேண்டிய மஞ்சள் கருப் பை பச்சையும் பழுப்புமாக, முகம் சுளிக்கும் நாற்றத்தோடு ததும்பிக் கிடக்கும். பெட்டி வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர், பிறகு காகிதத்தில் தூவிய தீவனம். அன்று இரவு பத்துக் குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கழுத்துக்குக் கீழே விரலால் தடவுங்கள். தீனிப்பை ஊறிய அவல் போல மெத்தென்று இருந்தால் தின்று குடித்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் தின்றது, குடிக்கவில்லை. ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் விளக்கின் சூட்டைப் பாருங்கள். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். நடுங்கும் குஞ்சு தீவனத்துக்கு நடக்காது.

அதே விளக்குச் சூட்டில் தண்ணீர் டப்பா நாள் முழுக்க வெதுவெதுப்பாக நிற்கிறது. டப்பாவின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக ஒரு படலம் இருந்தால் வெறும் தண்ணீரை மாற்றிப் பயனில்லை, தேய்த்துக் கழுவ வேண்டும். கருப்பட்டித் தண்ணீர் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பயணக் களைப்புக்கு முதல் சில மணி நேரம் நல்லது. இரவு முழுக்க விட்டால் அது புளித்த தண்ணீர்.

முட்டையைக் கழுவி அடைவைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் மேலிருக்கும் அழுக்குத் தண்ணீரை இழுக்கும். குஞ்சு உருவாகும் முன்பே கெட்ட பாக்டீரியாவுக்கு டிக்கெட் கொடுத்தாயிற்று. எச்சம் பிடித்த முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தேவையில்லாமல் மருந்துக் கடைக்கு ஓட வைக்கும் ஒன்று. குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் வெள்ளைத் தொப்பி வைத்த வழக்கமான எச்சத்துக்கு நடுவே, அவ்வப்போது புளியங்கரைசல் போலக் கொழகொழவென்று, மூக்கைப் பிடிக்க வைக்கும் பழுப்பு எச்சம் ஒன்று விழும். கழிச்சல் என்று பயந்து அன்றைக்கே மருந்து கலப்பார்கள். அது குருட்டுக்குடல் தன்னைக் காலி செய்துகொள்ளும் எச்சம். உள்ளே குடித்தனம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். ரத்தம் கலந்திருந்தாலோ, எல்லா எச்சமும் அப்படியே இருந்தாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.