கவனத்தைத் தாங்கும் வெண்பொருள் பாதைகளை வரைபடமாக்கும் முறை

வலப்பக்க மூளையில் பக்கவாதம் கண்ட ஒருவருக்குத் தலைவாழை இலை போட்டால், இலையின் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கம் நுனியில் வைத்த பொரியலையும் ஊறுகாயையும் தொடாமலே எழுந்துவிடக்கூடும். பார்வை கெடவில்லை, பசியும் தீரவில்லை. இடப்பக்கம் என்ற ஒன்று அவருடைய கவனத்தில் விழவில்லை. இந்தக் குறைபாட்டுக்குப் பின்னால், மூளைப் பகுதிகளை இணைக்கும் இழைகளாலான வெண்பொருளில் எந்த நரம்பிழைக் கற்றை அறுந்திருக்கிறது என்று தேட விரும்பும் வேலூர் முதுகலை மாணவர்களுக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது.

ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே கேள்வியைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நரம்பறிவியலாளர்கள் மொரிட்சியோ கார்பெட்டாவும் கார்டன் ஷுல்மனும் 2002இல் கவனத்தை இரண்டு வலையமைப்புகளாகப் பிரித்தார்கள். நாமாக ஒன்றை நோக்கிக் கவனத்தைச் செலுத்த உதவுவது மேல் வலையமைப்பு. எதிர்பாராத ஒன்று கவனத்தை இழுக்கும்போது இயங்குவது, பெரிதும் வலப்பக்கம் சார்ந்த கீழ் வலையமைப்பு. இரண்டிலும் பக்கவாட்டு மடலையும் முன்மடலையும் இணைப்பது எஸ்.எல்.எஃப். என்னும் மேல் நீள்கற்றை. அதற்கு மூன்று கிளைகள். 2011இல் மிஷெல் தீபோ தெ ஷோட்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் முதல் கிளை இருபுறமும் ஏறத்தாழச் சமமாகவும், மூன்றாம் கிளை வலப்புறம் பெரிதாகவும் இருந்தன. இரண்டாம் கிளையின் வலச்சாய்வோ, இடப்புறத்தில் தோன்றுவதை ஒருவர் எவ்வளவு விரைவாகக் கண்டுகொள்கிறார் என்பதோடு தொடர்புற்றிருந்தது. ஆகவே புதியவர்கள் மூளை முழுவதையும் வரைய முனையாமல் இரண்டாம் கிளையிலிருந்து தொடங்குவது நல்லது.

டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. நரம்பிழைகளை நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. இழைகளின் நீளவாக்கில் நீர் மூலக்கூறுகள் எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் நகர்வதை அளக்கிறது. மூன்று டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் வோக்சல் (படத்தின் மிகச் சிறிய கனசதுரம்), நீர் நகர்வை எவ்வளவு கூர்மையாக உணர்வது என்பதைக் குறிக்கும் பி மதிப்பு 2000 முதல் 3000 வரை, 60க்குக் குறையாத அளவீட்டுத் திசைகள் என்று எடுத்தால் பின்வரும் கணிப்புகள் நிற்கும். இடையிடையே பி மதிப்பு பூஜ்யமாக உள்ள படங்களும், உருக்குலைவு எதிர்ப்பக்கம் விழும்படி எதிர்த்திசைக் குறியீட்டில் (phase encoding) எடுத்த ஒரு ஜோடியும், உடற்கூறைத் தெளிவாகக் காட்டும் 1 மில்லிமீட்டர் டி1 படமும் கட்டாயம் வேண்டும். எதிர்த்திசைப் படம் எடுக்க ஒரு நிமிடமே ஆகும். அதை விட்டுவிட்டால் முன்மடலின் உருக்குலைவைச் செம்மையாகத் திருத்த வழியில்லாமல் போகும்.

தலை அசைந்துவிட்டால் எந்த மென்பொருளும் முழுமையாகக் காப்பாற்றாது. எனவே நோயாளியை முன்கூட்டியே தயார்படுத்துவது முக்கியம். 1949இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியதிலிருந்தே வேலூருக்கு வெளியூர் நோயாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். சித்தூரிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் வருபவர்களுக்குத் தமிழ் ஒப்புதல் படிவம் உதவாது. தெலுங்கிலும் வங்காள மொழியிலும் படிவம் இருக்கட்டும். தாலியையும் மெட்டியையும் கழற்ற வேண்டும் என்பதை முந்தின நாளே வீட்டாரிடம் சொல்லிவிட்டால், மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி அணிந்து வருவார்கள். ஸ்கேன் அறை வாசலில் வாக்குவாதம் எழாது. “ஐயா, கடகடன்னு சத்தம் வரும், படுக்கையும் அதிரும், தலைய மட்டும் ஆட்டாம படுத்திருங்க” என்று உள்ளே அனுப்பும் முன் ஒருமுறை சொல்வது பயன் தரும்.

எடுத்த படங்களைச் சீராக்கும்போது இரைச்சல் நீக்கம், விளிம்புகளில் தோன்றும் பொய் அலைகளை நீக்குதல், உருக்குலைவும் அசைவும் திருத்தல் என்னும் வரிசையை மாற்றாதீர்கள். எம்ஆர்ட்ரிக்ஸ், எஃப்.எஸ்.எல். ஆகிய இரண்டு மென்பொருள்களும் சேர்ந்து இவற்றைச் செய்துவிடும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் படங்களைக் கண்ணால் புரட்டிப் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

ஒவ்வொரு வோக்சலிலும் இழைகள் செல்லும் திசையைக் கணக்கிடும் அடுத்த படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எஸ்.எல்.எஃப். செல்லும் ஆழமான வெண்பொருளில் கால்கைகளுக்கு இறங்கும் இயக்கப் பாதையும் இருபக்க மூளையை இணைக்கும் இழைகளும் குறுக்கிடுகின்றன. பழைய டென்சர் (tensor) கணக்கு முறை ஒரு வோக்சலுக்கு ஒரே முதன்மைத் திசையைத்தான் தரும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நாலாபுறமும் திரும்பும் வண்டிகளின் சராசரித் திசையைக் கணக்கிட்டால் கிடைக்கும் விடை எந்தச் சாலைக்கும் பொருந்தாது அல்லவா? எனவே ஒரே வோக்சலில் பல திசைகளைப் பிரித்தறியும் கோள விரிநீக்க முறையையே (spherical deconvolution) பயன்படுத்த வேண்டும். இந்தத் திசைகளைப் பின்தொடர்ந்து மென்பொருள் வரையும் கோடுகளே நரம்பிழைப் பாதைகளின் வரைபடம். டென்சர் படத்தில் இரண்டாம் கிளை மெலிந்து தெரிந்தால், அதை நோய் என்று எழுத அவசரப்பட வேண்டாம்.

கிளைகளைப் பிரிக்க, நெற்றிக்கு இணையான இரண்டு வெட்டுகள் தேவை. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் சிறு இழைக்கட்டுகளான கமிஷர்களில், பின் கமிஷர் மட்டத்தில் பக்கவாட்டு மடலின் வெண்பொருளை ஒரு பகுதியாகவும், முன் கமிஷர் மட்டத்தில் மேல், நடு, கீழ் முன்மடல் வெண்பொருளைத் தனித்தனிப் பகுதிகளாகவும் கையால் வரையுங்கள். பக்கவாட்டுப் பகுதியையும் நடுப்பகுதியையும் கடக்கும் கோடுகள் இரண்டாம் கிளை. பொட்டு மடலுக்குள் வளைந்து இறங்குபவை மொழியோடு தொடர்புடைய வில்கற்றையைச் சேர்ந்தவை என்பதால், அங்கே ஒரு விலக்குப் பகுதியும் வேண்டும். வரைபவருக்கு நோயாளியின் விவரமோ பாதிக்கப்பட்ட பக்கமோ தெரியக்கூடாது. சில மூளைகளை இன்னொருவரும் வரைந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கோடுகளின் எண்ணிக்கை இழைகளின் எண்ணிக்கை அல்ல. 20 குழுக்கள் அனுப்பிய 96 வரைபடங்களைச் சோதித்து 2017இல் வெளியான ஒப்பீட்டில், உண்மையான கற்றைகளில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்பட்டாலும், இல்லாத கற்றைகள் அவற்றைவிட அதிகமாகவே முளைத்திருந்தன. உடற்கூறு நூலில் இல்லாத பாதை ஒன்று அழகாகத் தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

பக்கவாத நோயாளியிடம் கோடு அறுந்து தெரிவதற்கு வீக்கமும் காரணமாக இருக்கலாம். ஆகவே சிதைவுப் பகுதியைத் தனியே வரைந்து குறித்துவிட்டு, அதே கருவியில் அதே அமைப்பில் ஸ்கேன் செய்த, ஒத்த வயதுடைய நலமானவர்களின் இரண்டாம் கிளையோடு ஒப்பிடுங்கள். கோட்டை நடுவில் பிரிக்கச் சொல்லும் தாள்பென்சில் சோதனையையும் கூடுமானவரை ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே நடத்துங்கள். இந்தக் குறைபாடு முதல் சில வாரங்களில் வேகமாக மாறக்கூடியது.