முதல் ஹாட் ராட் மாடல்: முதலில் நிற்பு, அப்புறம்தான் பெயின்ட்

1/25 அளவு மாடலில் 1 மி.மீ. என்பது நிஜக் காரில் 25 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம். பழைய காரை வேகத்துக்காகக் கழற்றி, வெட்டி மாற்றியமைத்ததுதான் ஹாட் ராட். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லா அளவையும் அங்குலத்தில்தான் சொல்வார்கள். கூரையில் மூன்று அங்குலம் எடுத்த கார் என்று எங்காவது படித்தால், நம் மேஜையில் அது 3 மி.மீ. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தாராளமாக முடியும். கிட்டையும் (நாமே சேர்த்து ஒட்டுவதற்காகத் தனித்தனியாக வரும் பிளாஸ்டிக் பாகங்கள்) அதற்கான பசையையும் மட்டும் ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் பெயின்ட் கடையிலும், வெள்ளிப் பட்டறைச் சாமான் விற்கும் கடையிலும், நம் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது.

எந்தக் கார்?

1932 ஃபோர்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த வருஷம்தான் ஃபோர்டு, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த காரைக் கொண்டுவந்தது. எஞ்சின் கொள்ளளவு 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சில வருஷம் ஓடிப் பழசானதும் இந்தக் கார்கள் மலிவாகக் கிடைத்தன. தெற்கு கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிப்போய் வேகம் பார்த்தார்கள். அவர்களுடைய கிளப்புகள் கூடி 1937-இல் சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று ஒரு சங்கமே தொடங்கின. வருஷத்தின் கடைசி எண் இரண்டு என்பதால் இந்தக் காருக்கு ‘டியூஸ்’ என்று செல்லப்பெயர்.

எடை குறைய வேண்டும் என்று மட்கார்டையும் பம்பரையும் கழற்றினார்கள். காற்று குறைவாக மோத வேண்டும் என்று கூரையை வெட்டி இறக்கினார்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போக வேண்டும் என்று பின்னால் பெரிய டயர் மாட்டினார்கள். அழகு என்று இன்று நாம் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு தேவை இருந்தது. மாடலில் கத்தி வைக்கும் முன் ‘இதை எதற்காக வெட்டுகிறேன்’ என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் வெட்ட வேண்டாம்.

ரெவெல், ஏஎம்டி என்ற இரண்டு மாடல் கம்பெனிகளிலும் 1/25 அளவில் 1932 ஃபோர்டு கிட்டுகள் வந்திருக்கின்றன. மூன்று ஜன்னல் கூப் (இரண்டு கதவு வைத்த, கூரை மூடிய கார்) கிடைத்தால் அதை எடுங்கள். அதன் கண்ணாடிகள் தட்டையானவை. பிற்பாடு கூரை வெட்டும்போது அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது புரியும்.

கருவிகள்

செவ்வாய்ப்பேட்டையில் என் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மாடல் செய்யக் கருவி தேடி நான் வேறெங்கும் அலையவில்லை. ஊசி அரம், சாமணம், மயிரிழை போன்ற பிளேடு போட்ட ரம்பம் எல்லாம் அங்கேயே இருந்தன. கொலுசில் அரும்பு தேய்க்கிற அரமும் மாடலின் கதவு ஓரம் தேய்க்கிற அரமும் ஒன்றுதான். அரம் பிடிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும்.

இவற்றோடு ஒரு நிப்பர், கட்டர் கத்தி, 400 முதல் 2000 வரை வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், எஃகு அளவுகோல். பசை என்றால் பிளாஸ்டிக் மாடலுக்கென்றே உள்ள திரவப் பசை. அது பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடிப்போகும்.

1. கழுவுங்கள்

அச்சிலிருந்து பாகங்கள் சுலபமாக வெளியே வர ஒரு எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். மொட்டைமாடி வெயிலில் காயவைக்காதீர்கள், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். நிழலில் துணிமேல் போதும்.

2. நிற்பு

நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இது. நீங்களும் செலவழிக்க வேண்டும் என்பது என் விருப்பம். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து, பாய்வதற்கு முன் காளை தலையைக் குனிகிற மாதிரி கார் நிற்க வேண்டும். முன்னால் சின்ன டயர், பின்னால் பெரிய டயர் போட்டாலே பாதி வந்துவிடும். மீதிப் பாதி முன் ஆக்சிலில் இருக்கிறது.

பசை போடாமல் முழுக் காரையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். சேஸிஸ், ஆக்சில், டயர், பாடி எல்லாவற்றையும் போஸ்டர் ஒட்டும் களிமண் போன்ற பசையால் தற்காலிகமாகப் பிடிக்கவைத்தால் போதும். காரை மேஜை ஓரத்தில் வைத்து, நீங்கள் தரையில் உட்கார்ந்து கண்மட்டத்தில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாக் காரும் நன்றாகத்தான் தெரியும். பக்கவாட்டில் தாழ்வாகப் பார்க்கும்போதுதான் டயருக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி உண்மையைச் சொல்லும்.

முன்பக்கம் உயரமாக நின்றால், ஆக்சிலும் ஸ்பிரிங்கும் சேரும் இடத்தில் அரை மி.மீ. தேய்த்து மறுபடி வைத்துப் பாருங்கள். அப்புறம் இன்னொரு அரை. மொத்தம் 2 மி.மீ. இறங்கினால் நிஜத்தில் இரண்டு அங்குலம், அது ரொம்பவே தெரியும். நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்பதற்கு ஒரு வழி: ஒவ்வொரு டயருக்கும் அடியில் ஒரு பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பாருங்கள். எது தடையில்லாமல் போகிறதோ அந்தச் சக்கரம் தூக்கி நிற்கிறது. இது சரியான பிறகுதான் பசை.

3. கூரையை இறக்குதல்

முதல் காரில் இதை விட்டுவிட்டாலும் குறையில்லை. நிற்பு மட்டும் சரியாக வந்தாலே அது ஹாட் ராட்தான். செய்வதென்றால் 3 மி.மீ. போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

ஜன்னல் தூண்களைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டுங்கள். அதன்மேல் 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள். பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள பகுதியிலும் அதே உயரத்தில் கோடுகள் சேர வேண்டும். வெட்டும் முன் பாடியின் உள்ளே, கதவுக்குக் கதவு குறுக்காக, கிட்டின் சட்டத்திலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கம்பி) வெட்டிய ஒரு குச்சியை ஒட்டிவிடுங்கள். கூரை போனதும் பாடி இரண்டு பக்கமும் விரியப் பார்க்கும். என் முதல் காரில் இதைச் செய்யாமல் விட்டேன். கூரையைத் திரும்ப வைத்தபோது இடது பக்கம் அரை மி.மீ. வெளியே நின்றது. அதைச் சரிக்கட்டவே இரண்டு வாரம் போயிற்று.

ரம்பம் இரண்டு கோட்டுக்கும் உட்பக்கமாகப் போகட்டும். கால் மி.மீ. மிச்சம் விட்டு, அதை அரத்தால் கோடுவரை கொண்டுவாருங்கள். கூரையை வைத்து, டேப்பால் பிடித்து, முதலில் முன் தூண்கள், பத்து நிமிஷம் கழித்துப் பின்பக்கம் என்று ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

இனி கிட்டில் வந்த கண்ணாடி பொருந்தாது. புதுச் சட்டைப் பெட்டியின் மேல்மூடியில் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் தாளை அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். தட்டையான கண்ணாடி உள்ள காரை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். உள்ளே சீட்டையும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், ஓட்டுநர் தலை இடிக்குமே!

4. பட்டி, பிரைமர்

வெட்டிய இடங்களுக்கு கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. பட்டி போதும். ஒரே அடியாகத் தடிமனாக அப்பினால் அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், காய்ந்ததும் குழியும் விழும். மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். 400, 600 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பிரைமர் அடித்ததும் அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் வெளியே வரும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. இதில் அலுப்புப்பட்டால் பெயின்டில் தெரிந்துவிடும்.

5. பெயின்ட்

இரண்டு வருஷத்துக்கு முன் ஏற்காட்டில் சித்தி வீட்டில் நான்கு நாள் தங்கினேன். குளிர்ச்சியாக இருக்கிறது, தூசி இல்லை, அங்கேயே அடித்துவிடலாம் என்று கறுப்பு ஸ்பிரேயை எடுத்துப் போயிருந்தேன். மாலையில் மூடுபனி ஜன்னல்வரை வந்துவிட்டது. நான் வராந்தாவில் நின்று அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி இருந்த கறுப்பின்மேல், மோர் தெளித்ததுபோல் ஒரு வெண்மை படர்ந்தது. சித்தி பார்த்துவிட்டு, “என்ன கண்ணு, சாம்பல் பூசிட்டியா?” என்றார்.

காரணம் இதுதான். பெயின்டிலுள்ள தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது பெயின்ட் மேலேயே நீராகப் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்து, வறண்ட ஒரு காலையில் மேலே மெல்லிய கோட் ஒன்று அடித்ததும் வெண்மை போய்விட்டது. அதனால் மலையில் இருப்பவர்கள் வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் அடியுங்கள். கீழே சேலத்தில் சித்திரை மதியத்தில் அடித்தால் எதிர்க்கோளாறு வரும். துளிகள் பாடியைத் தொடும் முன்பே காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரப்பாகிவிடும். இங்கே காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை நல்ல நேரம்.

20 முதல் 25 செ.மீ. தூரம். காருக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, கார்மேல் ஓட்டி, மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். முதல் இரண்டு கோட்டும் பனிபோல் மெல்லிசாக. எந்த ஸ்பிரேயானாலும் முதலில் கிட்டின் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். கார்களுக்கான சில ஸ்பிரேக்கள் பிளாஸ்டிக்கைச் சுருக்கிவிடும். முகமூடி கட்டாயம். சமையலறை அடுப்பும் சாமி விளக்கும் எரிகிற பக்கம் அடிக்கவே கூடாது.

தீக்கொழுந்து போட ஆசையா? வெளிர் நிறம் முதலில் என்பதே விதி. பானெட் முழுக்க மஞ்சள், கொழுந்து நுனி வரப்போகும் பக்கம் ஆரஞ்சு, சிவப்பு. இரண்டு நாள் காய்ந்ததும் கொழுந்து வடிவில் வெட்டிய டேப்பை ஒட்டி, மேலே கறுப்பு. டேப்பை எடுத்தால் நெருப்பு தெரியும். கறுப்பின்மேல் மஞ்சள் அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் மங்கும்.

எனக்கு அந்த வளைவுகள்தான் வரவில்லை. ஒரு நாள் தாளில் வரைந்து வரைந்து கிழித்துக்கொண்டிருந்தேன். அம்மா பென்சிலை வாங்கினார். “நிறுத்தி நிறுத்தி இழுத்தா கோடு நடுங்கும்டா. முடியிற இடத்தைப் பாத்துக்கிட்டு ஒரே இழுப்பா இழு.” வாசலில் தினமும் சிக்குக் கோலம் போடும் கை. நான்கு கொழுந்துகள், ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த மாதிரி வந்தன. அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கும் அதையே அச்சாக வைத்தேன். இரண்டு பக்கமும் ஒத்துவர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

6. எஞ்சின், குரோம், கண்ணாடி

எட்டு ஸ்பார்க் பிளக் வயர். நிஜ வயர் 7, 8 மி.மீ. தடிமன், 25-ஆல் வகுத்தால் 0.3. மோட்டார் ரீவைண்டிங் கடையில் வீணாகும் செப்புக் கம்பியில் இந்த அளவு கேட்டு வாங்கிக் கறுப்பு பூசுங்கள். குரோம் பாகத்தில் ஒட்டும் இடத்தை மட்டும் சுரண்டிவிடுங்கள், குரோமின்மேல் பசை நிற்காது. கண்ணாடிக்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும். உடனே ஒட்டும் சூப்பர் குளூ ஆவியில் கண்ணாடி புகைபடிந்ததுபோல் ஆகிவிடும்.

7. நிறுத்த ஒரு தரை

இது பிறந்த இடம் வறண்ட ஏரி, அதனால் அதன் தரையையே செய்துவிடலாம். ஒரு பிளைவுட் துண்டின்மேல் சுவர்ப் பட்டியைத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகக் கலந்து 5 மி.மீ. தடிமனுக்கு ஊற்றுங்கள். கட்டட வேலையில் இப்படிச் செய்தால் கொத்தனார் திட்டுவார், வெடித்துவிடும் என்று. நமக்கு வேண்டியதே அந்த வெடிப்புதான். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மாலைக்குள் ஏரிப் படுகைபோல் பாளம் பாளமாகப் பிளந்து நிற்கும். மேலே டீத்தண்ணீரை நீர்க்க விட்டு லேசாகப் பழுப்பேற்றுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அதே பட்டித் தூளைக் காய்ந்த தூரிகையால் தொட்டு, பின்டயர்கள் இரண்டின் ஓரத்திலும் தடவிவிட்டு, காரை வையுங்கள்.