காலைக் காட்டி ஆளைத் தொடும் ரெய்டருக்கு எதிராகக் கல்லூரிக் கபடி அணியைத் தயார் செய்தல்

கால் ஊன்றினால் ஒரு புள்ளி தரும் போனஸ் கோட்டுக்கு மேல் ஒரு காலை நீட்டி, நம் மூலையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரரின் கண்ணையே பார்த்துக்கொண்டு பாடி நிற்கும் ரெய்டர் எதிரணியில் இருக்கிறார் என்று தெரிந்தால், அவருக்காக மட்டும் ஒரு வாரம் ஒதுக்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். அவர் எந்த முடிவையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வருவதில்லை. கார்னர் பின்னால் ஒதுங்கினால் காலை ஊன்றிப் போனஸ் எடுப்பார். கார்னர் பாய்ந்தால் காலை இழுத்துக்கொண்டு அவர் கையையோ தலையையோ தொட்டுவிட்டுத் திரும்புவார். கார்னருக்கு உதவ, நடு ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிற்கும் கவர் முன்கூட்டியே ஓடி வந்தால் கவர் விட்டு வந்த இடைவெளியில் புகுந்து நடுக்கோட்டை அடைவார். மூன்றில் எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது நம் ஆட்களின் அவசரமே. ஆகவே இந்தப் பயிற்சியின் நோக்கம், நம் ஏழு பேரில் ஒருவரும் அவருக்குத் தகவல் கொடுக்காமல் இருக்கப் பழகுவதுதான்.

நம் நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு இது கூடுதல் சிரமம் தரும் விஷயம். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகிவிட்டாலும், கபடியைப் பொறுத்தவரை இது இன்றும் ஒரே சீமைதான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்த மண்ணிலிருந்து போனவர். சாத்தான்குளம், திசையன்விளை, ஆலங்குளம் பக்கத்திலிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு வந்து சேரும் பையன்களில் பலர், கோயில் கொடைக்கு நடக்கும் இரவுப் போட்டிகளில் செம்மண் களத்தில் ஆடி வளர்ந்தவர்கள். அங்கே தனியாளாகப் பாய்ந்து பிடிப்பவனுக்குத்தான் விசில் பறக்கும், ரூபாய் நோட்டை மார்பில் குத்துவார்கள். அந்தத் துணிச்சல் விலைமதிப்பில்லாதது; அதை ஒரு நாளும் அடக்கிவிடக் கூடாது. ஆனால் காலைக் காட்டும் ரெய்டர் காத்திருப்பதும் அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் என்பதை முதல் நாளே பையன்களுக்கு விளக்கிவிட வேண்டும்.

விளக்குவதற்கு முன் அளவுகளை அவர்கள் காலால் உணரச் செய்ய வேண்டும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. ஒவ்வோர் அணியின் பக்கமும் 6.5 மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன், அதற்கு 1 மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. அப்படியானால் போனஸ் கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் இடையே மிஞ்சுவது 1.75 மீட்டர் மட்டுமே. கார்னரின் உலகம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. மேட் விரிப்பு இல்லாத கல்லூரிகள் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் இந்தக் கோடுகளை அளந்து போட்டு, கார்னர் ஆடுபவரைக் கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கச் சொல்லலாம். பின்னங்கால் கடைக்கோட்டிலிருந்து அரையடி உள்ளே இருக்கும்போது தன் முன்கால் எங்கே இருக்கிறது என்பது, குனிந்து பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிரணியின் ஆட்டம் கைப்பேசியில் பதிவாகிக் கிடைத்தால், அந்த ரெய்டர் பாடி வரும் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் நான்கு விஷயங்களைக் குறித்தால் போதும்: எந்தக் கார்னரிடம் முதலில் போகிறார், எந்தக் காலை நீட்டுகிறார், ஒரு ரெய்டுக்கான 30 விநாடியில் எந்த நேரத்தில் முடிவெடுக்கிறார், திரும்பும்போது எந்தப் பக்கம் முதுகைக் காட்டுகிறார். பதிவு கிடைக்காவிட்டால், 2016-இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியின் தலைவர் அனூப் குமாரின் ரெய்டுகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம். பதற்றமே இல்லாமல் போனஸையும் கால்விரல் தொடுதலையும் ஒரே அசைவுக்குள் ஒளித்து வைத்திருந்தவர் அவர்; கார்னர் முதலில் அசையட்டும் என்று எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார் என்பதை அதில் பார்க்கலாம்.

இனி, முழுப் பயிற்சியும் எதன்மேல் நிற்கிறதோ அந்த விஷயத்துக்கு வருகிறேன். போனஸ் செல்லுபடியாக வேண்டுமானால், ரெய்டரின் ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்கும் அதே நேரத்தில் மற்றொரு கால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். அதாவது, புள்ளி எடுக்கும் அந்த நொடியில் அவர் தம் முழு எடையையும் ஒற்றைக் காலில், அதுவும் நம் கார்னருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் காலில், தாங்கி நிற்கிறார். அந்தக் காலை அப்போது அவரால் இழுக்க முடியாது. வெறுமனே ஏமாற்றுகிறார் என்றால், எடை முழுவதும் பின்காலில் இருக்கும். நீட்டிய கால் காற்றில் மிதக்கும், எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் பிடிபடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முன்காலில் தெரியாது. பின்னங்காலின் குதிகாலிலும் இடுப்பிலும்தான் தெரியும்.

ஒரு மண்டலப் போட்டியில் எங்கள் இடது கார்னர் முதல் பத்து நிமிடத்துக்குள் நான்கு முறை பாய்ந்து நான்கு முறையும் வெளியேறினார். அதில் ஒரு முறை அவருக்கு அடுத்து அவரோடு கைகோத்திருந்த ‘இன்’ ஆட்டக்காரரும் சேர்ந்து போனார். இடைவேளையில் கண் கலங்கி, “சார், அவன் கால உள்ள வைக்கான், நான் எப்படி சும்மா நிக்கது?” என்று கேட்டார். “மக்கா, அவன் பின்னங்கால் எங்க இருந்துன்னு பாத்தியாடே?” என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. தவறு என்னுடையது, பின்னங்காலைப் பார்க்க வேண்டும் என்று அதுவரை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து கார்னர்களுக்கு முதல் மூன்று நாளும் பிடிக்கவே அனுமதி கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எதிரே ஒருவர் காலை நீட்டி நீட்டி இழுப்பார். குதிகால் எழும்போது மட்டும் “இப்போ” என்று குரல் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் பாதிக்கு மேல் தவறும். மூன்றாம் நாள் மாலைக்குள் அந்தக் குரலும் குதிகாலும் ஒன்றாக எழத் தொடங்குவதைக் காது கொண்டே அறியலாம்.

எதிரே நின்று ஆட ஒருவர் வேண்டும் அல்லவா? அவரைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. மாற்று ஆட்டக்காரர்களில் சுமாரானவரை அனுப்புவது வழக்கம். நான் அணியின் சிறந்த ரெய்டரையே அனுப்புவேன். அந்த வாரம் முழுவதும் அவர் தம் ஆட்டத்தை மறந்துவிட்டு, நோட்டில் குறித்தபடி எதிரணி ரெய்டரைப் போலவே நுழைய வேண்டும், அவர் நீட்டும் காலையே நீட்ட வேண்டும், அவர் எடுக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பொறுப்புகளைப் பிரிப்பது. இரண்டு கார்னர்–இன் ஜோடிகளும் நடுவே மூவருமாக நிற்கும் வழக்கமான அமைப்பே போதுமானது. புதிய அமைப்பு எதையும் ஒரு வாரத்தில் புகுத்த வேண்டாம். ரெய்டர் நிற்கும் பக்கத்துக் கார்னருக்குக் கால் மட்டுமே பொறுப்பு. ரெய்டரின் கை தம் தோளருகே வந்தாலும் அவர் அதைப் பிடிக்கப் போகக் கூடாது. அவரோடு கைகோத்த இன் ஆட்டக்காரருக்கு ரெய்டரின் இடுப்பும் தொடையும் பொறுப்பு. கார்னர் கணுக்காலைப் பிடித்த பிறகு ரெய்டர் நடுக்கோட்டுப் பக்கம் விழாமல் தடுப்பது அவர் வேலை, கார்னருக்கு முன்னால் பாய்வது அவர் வேலையே அன்று. அந்தப் பக்கத்துக் கவருக்கு ரெய்டர் திரும்பிச் செல்லும் பாதை பொறுப்பு. இதுதான் மிகக் கடினமான பொறுப்பு என்பேன். ஏனெனில் கண்ணெதிரே கார்னர் போராடிக்கொண்டிருக்கும்போது, ஓடிப்போய் உதவாமல் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து வழியை அடைத்து நிற்பதற்கு மிகுந்த மன உறுதி வேண்டும். ரெய்டர் முதுகைத் திருப்பும் வரை, அல்லது அவர் கால் உண்மையாகவே பிடிபடும் வரை, கவர் முன்னேறக் கூடாது. எதிர்ப் பக்கத்து ஜோடி வேடிக்கை பார்த்தபடி உள்ளே நகர்ந்து வந்துவிடாமல் தங்கள் மூலையிலேயே இருக்க வேண்டும். ரெய்டர் திடீரெனக் குறுக்கே ஓடி வந்தால், அந்த நொடியில் எல்லாப் பொறுப்புகளும் கண்ணாடியில் தெரிவதுபோல அவர்கள் பக்கம் மாறிவிடும்.

கவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. ரெய்டர் ஒருவரைத் தொடும் வரை இருபுறமும் ஒரு மீட்டர் அகலமுள்ள லாபி எனும் ஓரப் பட்டை களத்தில் சேராது. தொட்டவுடன் 8 மீட்டர் களம் 10 மீட்டராக விரிந்துவிடும். கார்னரைத் தொட்டுவிட்டுத் தப்புகிற ரெய்டர் அந்தக் கூடுதல் ஒரு மீட்டரில்தான் வளைந்து ஓடுவார். பழைய எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு மறிக்கிற கவர் ஒரு கை தூரத்தில் அவரைத் தவறவிடுவார்.

கார்னரும் இன் ஆட்டக்காரரும் வாய் திறந்து பேசிக்கொண்டால் ரெய்டருக்குக் கேட்கும் என்பதால், கோத்த கையில் கொடுக்கும் அழுத்தத்தையே மொழியாகப் பழக்கலாம். உள்ளங்கையை ஒரு முறை அழுத்தினால் பொறு, இரு முறை அழுத்தினால் போகிறேன் என்று பொருள். நான்காம் நாளில் இருவரின் மணிக்கட்டையும் ஒரு துண்டால் தளர்வாகக் கட்டி, ரெய்டரோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடச் செய்வேன். ஒருவர் மட்டும் பாய்ந்தால் துண்டு இழுத்து மற்றவரைத் தடுமாற வைக்கும். சீக்கிரமே இருவர் மூச்சும் ஒன்றாகிவிடும். ஐந்தாம் நாளிலிருந்துதான் முழு வேகத்தில் பிடி.

புள்ளிக் கணக்கையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். போனஸ் கொடுத்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி. ஆனால் நம் ஆள் யாரும் வெளியேறுவதில்லை, அவர்கள் ஆள் யாரும் திரும்பி உள்ளே வருவதுமில்லை. தவறாகப் பாய்ந்தால் புள்ளியும் போகிறது, ஆளும் போகிறார், அவர்களில் ஒருவர் உயிர் பெற்று வருகிறார்; இப்படியே நால்வர் ஐவர் போனால் அணி முழுவதும் வெளியேறும் ஆல் அவுட்டும் அதற்கான 2 புள்ளிகளும் பின்னாலேயே வரும். ஆகவே முதல் இரண்டு போனஸ்களை விட்டுக்கொடுத்து, அந்த ரெய்டுகளில் அவர் குதிகாலைப் படிக்கச் சொல்வதே என் வழக்கம். போனஸ் எடுத்த பிறகு பிடிபட்டாலும் அவருக்கு அந்த ஒரு புள்ளி உண்டு, நமக்கும் ஒரு புள்ளி உண்டு. ஆனால் அவர் வெளியே உட்காருகிறார். சிறந்த ரெய்டர் வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நமக்கு லாபமே.

நம் ஆட்களின் எண்ணிக்கை மாறும்போது ஆட்டமே மாறுகிறது. ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் கிடையாது. ஐவர் நிற்கும்போது அந்தக் கோடு வெறும் கோடு. அவர் காலை எவ்வளவு உள்ளே வைத்தாலும் கார்னர் கண்டுகொள்ள வேண்டியதில்லை. இதை எல்லோரும் அறிவார்கள், ஆட்டச் சூட்டில் எல்லோரும் மறப்பார்கள். அதனால் ஒவ்வொரு ரெய்டுக்கும் முன்னால் நடு ஆட்டக்காரர் எண்ணிக்கையை உரக்கச் சொல்லும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே ஏற்படுத்த வேண்டும். மூவராகிவிட்டால் ரெய்டரைப் பிடிப்பது சூப்பர் டேக்கிள் ஆகும், அதற்கு இரண்டு புள்ளி கிடைக்கும். அப்போது பொறுமையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. அதேபோல, தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்பதால், அந்த ரெய்டில் ஏமாற்றுக் காலுக்கு நேரம் குறைவு. அவர் காலை ஊன்றியோ ஆளைத் தொட்டோதான் தீர வேண்டும். எழுவர் நிற்கும் நிலையில் மூன்றாவது ரெய்டு வந்தால், கார்னர் அரையடி முன்னால் நின்று கணுக்காலுக்குத் தயாராக இருக்கலாம். பிடிக்க வேண்டிய நேரம் என்று நான் அடையாளம் காட்டுவது அதைத்தான்.

பெண்கள் அணிக்கும் இதே முறை பொருந்தும். களம் 12-க்கு 8 மீட்டர் என்பதால் கவர் ஓடி மறிக்க வேண்டிய தூரம் மட்டும் குறையும். செம்மண்ணில் வெறுங்காலோடு சறுக்கிப் பிடித்துப் பழகியவர்கள் மேட் விரிப்பில் சறுக்கினால் முழங்கால் உரிந்துவிடும். அவர்களுக்கு முழங்கால் உறையும், பொருத்தமான ஷூவோடு குறைந்தது ஒரு வாரப் பழக்கமும் அவசியம். நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் இருக்கக் கூடாது.

போட்டி நாளில் அந்த ரெய்டர் முதல் முறை பிடிபட்டவுடன் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்: மறு கார்னரிடம் போவார், அல்லது கார்னரையே விட்டுவிட்டுக் கவரைத் தொட வருவார். இரண்டுக்கும் முந்தின நாள் மாலையில் பத்துப் பத்து முறையாவது நடை வேகத்தில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களில் கார்னர் ஆடக் கூடியவரையும் அந்த ஒத்திகையில் பாதி நேரம் நிறுத்துங்கள். நம் முதல் கார்னர் வெளியேறினால் அதே மூலையில் வேறொருவர் நிற்க வேண்டியிருக்கும், ரெய்டர் அடுத்த முறை நேரே அவரிடம்தான் வந்து காலை நீட்டுவார்.